பாட்டன் எந்த ஊர்?

குடும்ப வரலாறு தேடுவது அண்மைக் காலத்தில் படித்த வர்க்கத்தின் ஓய்வுநேரக் கலையாகிவிட்டது. கொள்ளுப்பாட்டனின் நாட்குறிப்பு கிடைத்தது, பாட்டியின் திருமண அழைப்பிதழ் கிடைத்தது, ஏழு தலைமுறைக்கு வம்சாவளி வரைந்தாயிற்று என்று நூல்கள் வருகின்றன. கருத்தரங்குகளில் அவை நினைவின் அரசியல் என்ற தலைப்பில் பாராட்டப்படுகின்றன. இவற்றில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் மும்பைத் தமிழரில் பெரும்பகுதியினருக்கு இத்தேடல் ஓய்வுநேரக் கலையாக வாய்க்கவில்லை. தாராவியில் பாட்டனின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தாளில் காட்டினால்தான் பேத்திக்கு ஒதுக்கீட்டில் இடம்; தகப்பனின் முகவரியைத் தாளில் காட்டினால்தான் குடும்பத்துக்கு வீடு. அங்கே வம்சாவளி என்பது அரசு அலுவலகச் சாளரத்தில் கேட்கப்படும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கும் அரசே அதற்கான விடையைத் தன் பேரேடுகளில் பூட்டி வைத்திருக்கிறது என்பதும், ஆய்வுலகம் அந்தப் பூட்டை ஒருமுறைகூடத் தட்டிப் பார்க்கவில்லை என்பதும்தான் இங்கு வழக்கு.

மும்பையின் வரைபடத்தில் மாட்டுங்காவும் தாராவியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஆவணங்களின் வரைபடத்தில் அவை இரு வேறு கண்டங்கள். 1896ஆம் ஆண்டின் பிளேக் கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தெரு தெருவாக அளந்து, மனை மனையாகப் பிரித்து உருவாக்கிய பகுதி மாட்டுங்கா. அங்கே குடியேறிய தமிழ் எழுத்தர்களுக்கும் கணக்கர்களுக்கும் முதல் நாளிலிருந்தே தாள் இருந்தது: வாடகை ஒப்பந்தம், கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பங்குச் சான்று, ரயில்வேயின் பணிப்பதிவேடு, வங்கியின் ஓய்வூதிய ஆணை. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டபின் பிள்ளைகளின் பெயர்கள் பள்ளிப் பேரேட்டில் ஏறின. ஜாதகக் குறிப்பு, கோத்திரம், உபநயனப் பத்திரிகை, சஷ்டியப்தபூர்த்தி மலர் ஆகியவை வீட்டுக்குள்ளேயே ஓர் ஆவணக் காப்பகமாகத் திரண்டன. அடுத்த தலைமுறை செம்பூருக்குக் குடிபெயர்ந்தபோது இரும்புப் பெட்டியும் கூடவே சென்றது. இன்று அக்குடும்பங்களிலிருந்து வரலாற்று நூல் எழுதுவோர் பெட்டியைத் திறந்தால் போதும்.

தாராவி எவராலும் வகுக்கப்பட்ட இடம் அன்று. சதுப்பு நிலத்தின் விளிம்பில், தோல் பதனிடும் தொட்டிகளின் நாற்றத்துக்கு நடுவே, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த ஆதிதிராவிடர்கள் தாங்களே மேடாக்கிக் குடியமர்ந்த இடம். அவர்கள் கால் வைத்த நாளைக் குறித்துக்கொள்ள எவருக்கும் தேவையிருக்கவில்லை. நாட்கூலிக்குப் பணிப்பதிவேடு கிடையாது. குடிசைக்குப் பட்டா கிடையாது. மாநில அரசு 1976இல் குடிசைக் கணக்கெடுப்பு நடத்தி ‘போட்டோ பாஸ்’ கொடுத்தபோதுதான் பல குடும்பங்கள் முதன்முறையாக அரசின் தாளில் ஒரு முகவரியோடு தோன்றின. அதற்கு முந்தைய அரை நூற்றாண்டு வாழ்வுக்குச் சாட்சி அவர்கள் கட்டிய கோயிலும் சங்கமும் மட்டுமே.

ஏன் இப்படி? எளியோர் எழுத்தறியாதோர், ஆகவே தாள் இல்லை என்று சொல்லப்படுவதுண்டு. இது பொய்யான விளக்கம். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்ட 1,52,184 ஒப்பந்தக் கூலிகளில் பெரும்பாலோர் கையெழுத்திடத் தெரியாதவர்கள்தாம். ஆயினும் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு எல்லாம் எழுதி வைக்கப்பட்டன. அந்தக் கப்பல் பட்டியல்களைக் கொண்டு இன்று டர்பனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் தன் மூதாதை எந்த ஊரினர் என்று கண்டுபிடித்துவிட முடியும். மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவனம் காத்துவரும் ஒப்பந்தத் தொழிலாளர் பேரேடுகளில் முகப்படங்களும் உண்டு. அதே காலத்தில், அதே வகைச் சேரிகளிலிருந்து, ரயிலேறிப் பம்பாய்க்குப் போன உறவினருக்கு ஒரு வரிகூட இல்லை. கடல் கடந்தவன் ஓடிப்போனால் முதலாளிக்கு நட்டம், ஆகவே அவன் எழுதப்பட்டான். ரயிலேறியவன் ஓடிப்போனால் மறுநாள் காலை இன்னொருவன் வருவான், ஆகவே அவன் எழுதப்படவில்லை. ஆவணம் அக்கறையின் குழந்தை அன்று, கண்காணிப்பின் குழந்தை. எழுதப்படாமை எளியோரின் அறியாமையால் நேர்ந்தது என்போர் இந்த ஒப்பீட்டுக்கு விடை கூற வேண்டும்.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. சென்னையிலும் பம்பாயிலும் ஞானஸ்நானம் பெற்ற, மணந்த, இறந்த ஐரோப்பியர்களின் திருச்சபைப் பதிவுகள் படியெடுக்கப்பட்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபிஸ் ஆவணங்களில் அவை இன்றும் உள்ளன. 1860களில் கொலாபாவில் காய்ச்சலில் இறந்த ஒரு சிப்பாயின் வழித்தோன்றல் தன் வீட்டிலிருந்தபடியே அவனைத் தேட இயலும். தாராவித் தோல் தொட்டியில் நாற்பதாண்டு உழைத்தவரின் கொள்ளுப்பேத்தி அதே நகரில் இருந்துகொண்டே அவரைத் தேட இயலாது.

தாள் அறவே இல்லை என்பதல்ல நிலைமை. அது சிதறிக் கிடக்கிறது. அந்தச் சிதறலுக்குத் தமிழ்க் குடும்ப வழக்கமே காரணம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது மரபு. ஆகவே தாராவியில் வளர்ந்து தாராவியிலேயே படித்த பிள்ளையின் பிறப்பு, தாயின் ஊரிலுள்ள கிராமப் பதிவேட்டில் ஏறியிருக்கும். சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் கிராம அலுவலரிடம் ஒப்படைத்த பதிவேடுகளின் வழிவந்தவை அவை. பெயர் சூட்டுமுன் பதிவு நடப்பதால், ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்பதற்கு மேல் பல பதிவுகளில் ஒன்றும் இராது. திருமணம் சொந்த ஊர்க் கோயிலில் நடந்திருக்கும். பதிவு அலுவலகப் படியேறியிருக்காது. திருமணப் பதிவைக் கட்டாயமாக்குமாறு உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குப் பணித்ததே 2006இல்தான். பள்ளிப் படிப்பு மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில். இறப்பு சயான் மருத்துவமனையில். ஒரே மனிதனின் பிறப்பு ஒரு மாநிலத்திலும் இறப்பு இன்னொரு மாநிலத்திலும், இரண்டு மொழிகளில், இரண்டு எழுத்துமுறைகளில் கிடக்கின்றன. அவற்றை ஒட்ட வைக்கும் பணி குடும்பத்தின் தலையில் விழுகிறது.

ஒட்ட வைக்கையில் முதலில் உடைவது பெயர். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தே முன்னொட்டு. மகாராஷ்டிரத்தின் படிவமோ தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம் கேட்கிறது. மூன்றாவது கட்டத்தை நிரப்ப எழுத்தர் பாட்டன் பெயரையோ சாதிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ எழுதிவிடுவார். அடுத்த பிள்ளையைச் சேர்க்கும்போது வேறொரு எழுத்தர் வேறொன்றை எழுதுவார். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர் பள்ளிப் பேரேட்டில் இரண்டு குலத்தவராகிவிடுவர். ழகரமும் ளகரமும் தேவநாகரியில் ஒன்றாகும், றகரம் ரகரமாகும். பெண்ணுக்கு இன்னும் மோசம். பிறக்கும்போது தகப்பன் பெயர், மணந்தபின் நடுக் கட்டத்தில் கணவன் பெயர். இரண்டு பெயரும் ஒருத்தியுடையவை என்று காட்டவேண்டிய திருமணப் பதிவு இல்லை. 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் பெயரோடு தாய் பெயரையும் சேர்க்குமாறு மகாராஷ்டிர அரசு விதித்தது நல்ல மாற்றமே. ஆனால் அது முந்தைய நூறாண்டைத் திருத்தாது. ஊர்ப் பெயரும் நிற்பதில்லை. பாட்டன் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று சொன்ன ஊர், 1986இல் தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு பிரிந்த மாவட்டத்திலோ, 2019இல் பிரிந்த தென்காசி மாவட்டத்திலோ இன்று இருக்கலாம். சாதிப் பெயரும் நிற்பதில்லை. பழைய பேரேட்டில் ‘பள்ளர்’ என்றிருப்பது 2021ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் தேவேந்திரகுல வேளாளர் என்ற தலைப்பின் கீழ் வருகிறது. ஆள் ஒருவரே, ஊர் ஒன்றே. தாளில் மட்டும் அனைத்தும் வேறு.

இந்தச் சிதறலின் மேல்தான் சட்டம் தன் கேள்வியை வைக்கிறது. அரசியலமைப்பின் 341ஆம் உறுப்பு பட்டியல் சாதிகளை ‘அந்த மாநிலம் தொடர்பாக’ வரையறுக்கிறது. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் ஆணை வெளிவந்தது. மகாராஷ்டிரத்தின் பட்டியலிலுள்ள 59 பதிவுகளில் ஆதிதிராவிடர் இல்லை, பறையர் இல்லை, பள்ளர் இல்லை. அதாவது தாராவியின் ஆதிதிராவிடர், தாம் வாழும் மாநிலத்தின் கண்ணில் பட்டியல் சாதியினர் அல்லர். தீண்டாமை ரயிலேறி அவரோடு பம்பாய் வரை வந்தது. பாதுகாப்பு மட்டும் மாநில எல்லையில் இறக்கிவிடப்பட்டது.

இதை உறுதி செய்த தீர்ப்பும் மும்பையிலிருந்தே எழுந்தது. ஆந்திரத்தில் பழங்குடிச் சான்று பெற்று, செம்பூரில் ஆலை கொண்ட ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்டு ஃபெர்ட்டிலைசர்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஒருவரின் மகன் ஒன்பது வயதில் பம்பாய்க்கு வந்து அங்கேயே படித்தவர். சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டு அவர் தொடுத்த வழக்கில், மாரி சந்திரசேகர ராவ் வழக்கு என்று அறியப்படும் 1990ஆம் ஆண்டுத் தீர்ப்பில், ஒரு மாநிலத்தின் பட்டியல் இன்னொரு மாநிலத்தில் செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு கூறியது. 2018இல் பீர் சிங் வழக்கில் இன்னோர் அரசியலமைப்பு அமர்வு அதையே மீண்டும் உறுதிப்படுத்தியது.

எஞ்சியிருப்பது ஒரே வழி. தமிழ்நாட்டில் பெற்ற தகப்பனின் சான்றை அடிப்படையாகக் கொண்டு, குடிபெயர்ந்தோர் பிள்ளைக்கு மும்பையிலேயே ஒரு சான்று பெறலாம். அது மாநிலக் கல்லூரிக்கு உதவாது; நடுவணரசு வேலைக்கும் நடுவணரசுக் கல்வி நிறுவனத்துக்கும் உதவும். அதைப் பெற வேண்டுமானால் 1950 ஆகஸ்ட் 10 அன்று பாட்டனின் நிலையான இருப்பிடம் சென்னை மாநிலத்தில் இருந்ததாகக் காட்டவேண்டும். பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ தற்காலிகமாக வெளியே இருந்தவர் என்றாலும் ஏற்கலாம் என்று நடுவண் உள்துறை அமைச்சகம் 1977இல் விளக்கமளித்தது. கருணையுள்ள விளக்கம்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: 1930களில் தாராவிக்கு வந்து அங்கேயே மணந்து அங்கேயே மாண்ட ஒருவர் பம்பாயில் ‘தற்காலிகமாக’ இருந்தார் என்று அவருடைய பேரன் இன்று மெய்ப்பிக்க வேண்டும். எவ்வளவு முன்னதாக ஒரு குடும்பம் இந்நகருக்கு உழைக்க வந்ததோ அவ்வளவு கடினம் அதன் வழக்கு. பிந்தி வந்தவருக்குச் சான்று எளிது. முந்தி வந்து சதுப்பை மேடாக்கியவருக்கு அரிது.

அதே குடும்பம், அதே பெட்டியுடன், இன்னொரு சாளரத்தின் முன்னும் நிற்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடியில் இலவச வீடு. 2011 ஜனவரி 1க்கு முன் வந்தவரென்றால் தாராவிக்கு வெளியே, இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு. மாடியில் குடியிருப்போருக்கும் அதற்குப் பின் வந்தோருக்கும் வெளியே வாடகை வீடு, பின்னர் வாங்கிக்கொள்ளும் வாய்ப்புடன். இங்கே கேட்கப்படுவது மின்கட்டண ரசீது, பழைய வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, கைமாற்று ஒப்பந்தம். ஒரு சாளரத்தில் ‘எங்கள் வேர் இங்கில்லை’ என்று காட்டவேண்டும். அடுத்த சாளரத்தில் ‘எங்கள் வேர் இங்குதான்’ என்று காட்டவேண்டும். இரண்டும் வெவ்வேறு தேதிகள், வெவ்வேறு சட்டங்கள், ஆகவே முரண்பாடில்லை என்று வழக்கறிஞர் கூறக்கூடும். ஏட்டளவில் அது சரி. ஆனால் அரைநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அது ஒரே வாழ்வு. ஒரே வாழ்வைப் பாதியாகக் கிழித்து, ஒரு பாதியை இங்கும் மறுபாதியை அங்கும் ஒப்படைக்கச் சொல்வது நீதியாகாது. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி ஆறு கரைகடந்தபோது தாழ்வான பகுதிகளில் தாளோடு நனைந்துபோன குடும்பங்களுக்கு எந்தப் பாதியும் மிஞ்சவில்லை.

இவற்றையெல்லாம்விடக் கொடிய முரண் ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சேரிகளின் குடும்ப வரலாற்றுக்கு ஆகச் சிறந்த ஆவணம் எது என்று கேட்டால், வரலாற்றாய்வாளர் எவரும் தயங்காமல் சொல்லும் விடை திருச்சபைப் பேரேடு. ஞானஸ்நானப் பதிவில் குழந்தையின் பெயர், தாய் தந்தையர் பெயர், ஊர், ஞானப்பெற்றோர் பெயர் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டப்படி எழுதப்பட்ட திருமணப் பதிவில் இருவரின் தந்தையர் பெயரும் சாட்சிகளின் கையொப்பமும் உண்டு. கிராமக் கணக்கர் ‘பெண் குழந்தை’ என்று எழுதி நிறுத்திய இடத்தில் உபதேசியார் முழுப்பெயரை எழுதினார். ஆனால் அந்தப் பேரேட்டைத்தான் வெளியே எடுக்க முடியாது. 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றளவும் இடமில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண்ணொருவரின் சான்றிதழ் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் மறுத்தபோது ஞானஸ்நானமும் திருமணப் பதிவும் அவருக்கு எதிரான சாட்சியங்களாக நின்றன. பாட்டனின் பெயரை மெய்ப்பிக்கும் தாளே பேத்தியின் உரிமையைப் பறிக்கும் தாள். ஆகவே குடும்பங்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே மறைக்கின்றன. கிறித்தவப் பெயர் வீட்டுக்குள்ளும் வேறு பெயர் பள்ளியிலுமாக வாழ்கின்றன. இதைப் ‘போலி’ என்று பெயரிட்டு அழைப்பதற்கு முன், இப்படி வாழச் செய்தது எது என்று கேட்க வேண்டும்.

போலிச் சான்றிதழ்கள் இல்லையா, சரிபார்க்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. போலிகள் உண்டு. உரியவரின் இடத்தை உரிமையற்றவர் தட்டிப் பறிப்பதால் முதலில் பாதிக்கப்படுவோர் தலித்துகளும் பழங்குடியினருமே. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக் குழுக்களுக்கு நெறிமுறை வகுத்ததும், அதன்பின் மகாராஷ்டிரம் 2000ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியதும் அதனால்தான். இங்கு எழும் மறுப்பு சரிபார்ப்புக்கு எதிரானது அன்று. அதன் சுமை யார் தோளில் என்பது பற்றியது. அந்தச் சட்டத்தின் எட்டாம் பிரிவு மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுவதையும் விண்ணப்பதாரர் மேல் வைக்கிறது. ஆனால் மெய்ப்பிக்கத் தேவையான பேரேடுகள் யாரிடம் உள்ளன? மாநகராட்சிப் பள்ளியின் பேரேடு மாநகராட்சியிடம். பிறப்பு இறப்புப் பதிவேடு அரசிடம். பழைய வாக்காளர் பட்டியல் தேர்தல் அலுவலகத்திடம். ஒரு தரப்பிடம் சாட்சியத்தைப் பூட்டி வைத்துவிட்டு மறுதரப்பைப் பார்த்து மெய்ப்பி என்பது வழக்காடும் முறையாகாது. வெள்ளாளன் ஒருவனின் நிலத்தகராறில் இப்படிக் கேட்டிருந்தால் பெரியபுராண காலத்திலேயே எதிர்த்து ஓலை காட்டியிருப்பார்கள். தாராவிக்காரனிடம் ஓலை இல்லை என்பதும் கேட்போருக்குத் தெரியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பாவது உதவுமா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டன் 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் தனிநபர் படிவங்களை 2022 ஜனவரியில் திறந்தது. அமெரிக்கா, 72 ஆண்டுகள் கழிந்தபின், அதே 2022இல் 1950ஆம் ஆண்டுப் படிவங்களைத் திறந்தது. எந்த 1950ஐ மெய்ப்பிக்குமாறு தாராவிக் குடும்பத்திடம் கேட்கப்படுகிறதோ அதே 1950ஐ அமெரிக்கக் குடும்பம் இலவசமாகப் பார்க்கிறது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தனிநபர் பதிவுகளை எவரும் பார்வையிடும் உரிமையைத் தடுக்கிறது. அத்தடைக்கு எழுபதாண்டு, நூறாண்டு என்ற கால வரம்பே இல்லை. வாழ்வோரின் அந்தரங்கத்தைக் காப்பது தேவை. மாண்டு அறுபதாண்டு ஆனவரை அவருடைய பேரனிடமிருந்து காப்பது எந்த அந்தரங்கம்?

இனி ஆய்வுலகம். ‘ஆவணங்களின் மௌனம்’ என்ற சொற்றொடர் இன்று பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளில் மந்திரம்போல் உச்சரிக்கப்படுகிறது. எளியோரைப் பற்றி ஆவணங்கள் பேசா, ஆகவே மௌனத்தையே வாசிக்க வேண்டும் என்று கோட்பாட்டு நூல்களை மேற்கோள் காட்டி முடித்துவிடுகிறார்கள். தாராவியைப் பொறுத்தவரை இது சோம்பலுக்குச் சூட்டிய அழகுப் பெயர். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளின் சேர்க்கைப் பேரேடுகளில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், சாதி, முந்தைய பள்ளி என்று தலைமுறைகள் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பேரேட்டிலிருந்து எழுதித் தரப்படும் பள்ளி விடுகைச் சான்றே, மும்பையார் வழக்கில் ‘எல்.சி.’, சாதிச் சரிபார்ப்பில் முதன்மைச் சாட்சியம். பேரேடு பேசத்தான் செய்கிறது. கேட்கச் சென்றவர் இல்லை. மானுடவியலாளர் ஓவன் லிஞ்ச் பம்பாய்ச் சேரி ஒன்றின் ஆதிதிராவிடர்களிடையே ஆய்வு செய்து 1974இல் இ.பி.டபிள்யூ. இதழில் கட்டுரை எழுதினார். அரை நூற்றாண்டு கடந்தபின்னும் மும்பைத் தமிழர் ஆவணங்களுக்கென ஒரு பொதுப் பட்டியலைக்கூடத் தமிழ் ஆய்வுலகம் உருவாக்கவில்லை. புலம்பெயர்வு என்ற தலைப்பில் டொராண்டோவுக்கும் கோலாலம்பூருக்கும் கருத்தரங்குகள் பறக்கின்றன. தாதர் ரயிலில் ஏறி இறங்கியவர்கள் புலம்பெயர்ந்தோராகக் கருதப்படுவதில்லை.

இப்போது காலம் குறைவு. 2024 மார்ச்சில் தாராவியில் மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு தொடங்கியது. வீடு வீடாகச் சென்று, அளந்து, குடும்பத்தாரின் தாள்களையெல்லாம் படியெடுத்துச் சேர்க்கிறார்கள். தாராவியின் குடும்ப வரலாற்றுக்கு இதுவரை இப்படி ஒரு தொகுப்பு அமைந்ததில்லை. ஆனால் அதன் நோக்கம் தகுதியுடையோரையும் தகுதியற்றோரையும் பிரிப்பது. திட்டத்தை நடத்தும் நிறுவனத்தில் 80 விழுக்காடு அதானி குழுமத்துடையது, 20 விழுக்காடு மாநில அரசினுடையது. பட்டியல் முடிந்ததும் அந்தப் படிகள் என்னவாகும்? குடும்பங்களுக்குத் திரும்ப வருமா? மாநில ஆவணக் காப்பகத்துக்குச் செல்லுமா? நிறுவனத்தின் கணினியில் வணிகச் சொத்தாகத் தங்குமா? இக்கேள்விகளை எழுப்ப வேண்டிய வரலாற்றாய்வாளர்கள் எழுப்பவில்லை. சால்கள் இடிக்கப்படும்போது சுவரோடு சேர்ந்து சங்கப் பேரேடுகளும், கோயில் வரவு செலவுக் குறிப்பும், நல்லது கெட்டதற்கு மொய் எழுதிய நோட்டும் குப்பைக்குப் போகும். மொய் நோட்டைவிடச் சிறந்த உறவுமுறை ஆவணம் தமிழரிடம் வேறில்லை: யார், எந்த ஊர், யாருக்கு என்ன முறை, எந்த ஆண்டு என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது.

செய்ய வேண்டியவை தெளிவானவை, இயலாதவையும் அல்ல. முதலாவது, சரிபார்ப்புச் சட்டத்தில் மெய்ப்பிக்கும் பொறுப்பு பகிரப்பட வேண்டும்: விண்ணப்பதாரர் பெயரையும் ஊரையும் சொன்னால், அரசு தன் பேரேடுகளைத் தானே தேடி, தேடியதற்கு எழுத்துச் சான்று தர வேண்டும், தேடாமல் ‘ஆவணம் இல்லை’ என்று தள்ளக் கூடாது. இரண்டாவது, மும்பை மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிப் பேரேடுகளும் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களின் பழைய பிறப்புப் பதிவேடுகளும் மின்படியாக்கப்பட்டு, வழித்தோன்றல்கள் தேடும் வகையில் இணைக்கப்பட வேண்டும். மூன்றாவது, தாராவிக் கணக்கெடுப்பில் திரட்டப்பட்ட தாள்களின் படி அந்தந்தக் குடும்பத்துக்கு வழங்கப்பட வேண்டும். குடும்பத்தின் ஒப்புதலோடு மட்டும் ஒரு படி மகாராஷ்டிர ஆவணக் காப்பகத்தில், வணிகப் பயன்பாட்டுக்கு எட்டாத வகையில் வைக்கப்பட வேண்டும். நான்காவது, பல்கலைக்கழகங்கள் மாணவர்களைத் தாராவிக்கு அனுப்பி, முதியோரின் வாய்மொழி வம்சாவளியைத் தேதியிட்டு, சாட்சியோடு பதிவு செய்ய வேண்டும். அத்தகைய பதிவைத் துணைச் சாட்சியமாகவேனும் குழுக்கள் ஏற்க வேண்டும். ஐந்தாவது, இவையனைத்துக்கும் மேலாக, 1950ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி நீங்க வேண்டும். அது நீங்கும்வரை எந்தக் காப்பகமும் தாராவிக்கு அரைக் காப்பகமே. ஞானஸ்நானப் பேரேடு அதுவரை அலமாரியின் பின்வரிசையில் ஒளிந்தே கிடக்கும்.

ஒதுக்கீட்டையும் மறுவாழ்வையும் பற்றி எழுதப்படும் ஆய்வேடுகள் நூலகங்களில் குறையில்லை. அவற்றுள் ஒன்றேனும் ஒரு குடும்பத்தின் கையில் ஒரு தாளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறதா என்று துறைகள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வாண்டு முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவருக்கு ஒரு பள்ளியின் பேரேடு போதும்: ஒரே பள்ளி, முப்பதாண்டுப் பதிவுகள், ஒரு தேடுபட்டியல். கோட்பாட்டு அத்தியாயம் சற்றுச் சிறுத்தாலும் கேடில்லை. அந்தத் தேடுபட்டியலில் எவரோ ஒரு பேத்தி தன் பாட்டனின் பெயரையும் ஊரையும் கண்டெடுப்பாள். அதைக் கொண்டு சாளரத்தில் விடை சொல்வாள்.